கடைசிப் பாட்டும் தெளிவாகக் கேட்க: கார்ட்ரிட்ஜைப் பொருத்துவதும் சரிபார்ப்பதும்

எல்பி தட்டின் முதல் பாட்டு அருமையாக இருக்கும். ஊசி உள்ளே போகப் போக, கடைசிப் பாட்டில் பாடுகிறவரின் ‘ஸ’வும் ‘ச’வும் உஸ்ஸென்று சிதறும், வயலின் கீச்சிடும். இந்தக் குறையோடு என்னிடம் டர்ன்டேபிளைத் தூக்கிக்கொண்டு வரும் நண்பர்கள் முடிவையும் கையோடு கொண்டுவருவார்கள்: ஒன்று, தட்டு தேய்ந்துவிட்டது, இல்லையென்றால், இன்னும் உசத்தியான கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கி, அதன் அசைவை மின்சிக்னலாக மாற்றும் சின்னப் பெட்டி) வாங்க வேண்டும். நான் அந்தப் பேச்சுக்கே போவதில்லை. கார்ட்ரிட்ஜ் ஹெட்ஷெல்லில், அதாவது ஆர்ம் எனப்படும் கையின் முனையில், எங்கே உட்கார்ந்திருக்கிறது, ஊசி எத்தனை கிராம் அழுத்துகிறது, முதலில் இந்த இரண்டையும் பார்ப்பேன். பெரும்பாலும் சமாசாரம் அங்கேயே முடிந்துவிடும்.

உள்பக்கத்தில் மட்டும் ஏன் இந்தத் தொல்லை? தட்டு எப்போதும் நிமிடத்துக்கு 33⅓ சுற்றுதான் சுற்றுகிறது. ஆனால் வெளி ஓரத்தில் ஊசிக்கு அடியில் பள்ளம் நொடிக்குச் சுமார் 51 சென்டிமீட்டர் ஓடுகிறது. உள் ஓரத்தில் 21 சென்டிமீட்டர்தான். அதே சத்தத்தை அங்கே பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி வெட்டியிருப்பார்கள். 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை உள் ஓரத்தில் 21 மைக்ரான் நீளம்தான். உருண்டை முனை ஊசியின் ஆரமே 15 முதல் 18 மைக்ரான். வெளியில் மன்னிக்கப்படும் சின்னக் கோணல்கூட உள்ளே காதில் விழுவதற்கு இதுதான் காரணம்.

ஆகவே வேலையைச் சரியான வரிசையில் செய்ய வேண்டும். ஒன்றை மாற்றினால் ஏற்கெனவே சரிசெய்த இன்னொன்று கலையும். கார்ட்ரிட்ஜை முன்னே தள்ளினால் எடை மாறும், ஆர்மின் உயரத்தைக் கூட்டினால் எடையும் கொஞ்சம் மாறும், ஊசியின் இடமும் நகரும். நான் வைத்திருக்கும் வரிசை இது: மட்டம், பொருத்தல், தோராய எடை, கோணம், துல்லிய எடை, உயரம், சாய்வு, ஆன்டி-ஸ்கேட்டிங் (ஆர்ம் உள்பக்கம் இழுபடாமல் தடுக்கும் எதிர்விசை), திரும்ப ஒருமுறை கோணமும் எடையும். காதால் கேட்டு முடிவெடுப்பது இவ்வளவும் ஆன பிறகு.

வாங்குவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு

டோன் ஆர்மும் கார்ட்ரிட்ஜும் ஒத்துப்போக வேண்டும். கான்டிலீவரை, அதாவது நுனியில் ஊசி உள்ள மெல்லிய தண்டை, தாங்கும் ரப்பர் ஒரு சுருள்வில் மாதிரி வேலை செய்கிறது. அதன்மேல் ஆர்மின் எடை ஏறும்போது, அந்த ஜோடி தனக்கென்று ஒரு அதிர்வெண்ணில் ஆடப் பார்க்கும். அது 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் விழுந்தால் நல்லது. அதற்குக் கீழே போனால் தட்டின் நெளிவே ஆர்மை ஆட்டும்; ரொம்ப மேலே போனால் இசையின் அடித்தளத்தில் கை வைக்கும்.

கணக்கு சுலபம். ஆர்மின் செயல் எடை (ஆர்ம் அசையும்போது ஊசி உணரும் எடை), கார்ட்ரிட்ஜின் எடை, திருகுகளின் எடை மூன்றையும் கிராமில் கூட்டுங்கள். அதைக் கார்ட்ரிட்ஜின் கம்ப்ளையன்ஸ் எண்ணால் (அந்த ரப்பர் எவ்வளவு எளிதாக வளைகிறது என்பதன் அளவு) பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 159-ஐ அதனால் வகுங்கள். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 ஆர்மின் செயல் எடை 12 கிராம். அதில் ஆர்ட்டஃபான் 2எம் ரெட் கார்ட்ரிட்ஜைப் போட்டால் 7.2 கிராம், திருகுகள் முக்கால் கிராம் என்று வையுங்கள், மொத்தம் 20. கம்ப்ளையன்ஸ் 20. பெருக்கினால் 400, மூலம் 20, விடை சுமார் 8 ஹெர்ட்ஸ். கீழ் எல்லையில் நிற்கிறது, ஆனாலும் ஓடும்.

ஒரு எச்சரிக்கை உண்டு. ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் கம்ப்ளையன்ஸை 100 ஹெர்ட்ஸில் அளந்து போடுவது வழக்கம். இந்தக் கணக்குக்கு வேண்டியது 10 ஹெர்ட்ஸ் அளவு. டெனான் டிஎல்-103-க்குப் போட்டிருக்கும் 5 என்ற எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதை ஒன்றரை, இரண்டு மடங்காக வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

மேசையில் என்ன இருக்க வேண்டும்

சின்ன ரசமட்டம், நுனி மெல்லிய திருப்புளி, சாமணம், டிஜிட்டல் எடைமானி, கார்ட்ரிட்ஜின் கோணம் பார்க்க இரண்டு புள்ளி உள்ள ப்ரொட்ராக்டர், ஒரு லென்ஸ், ஒரு டார்ச். எடைமானியை மட்டும் பார்த்து வாங்குங்கள். எம்சி (உள்ளே கம்பிச்சுருள் அசையும் வகை) கார்ட்ரிட்ஜில் காந்தம் வலுவானது, இரும்புத் தட்டு உள்ள எடைமானியை அது இழுக்கும், காட்டும் எண் பொய்யாகிவிடும். காந்தம் ஒட்டாத உலோகத்தில் செய்ததுதான் வேண்டும். ப்ரொட்ராக்டரைத் தாளில் அச்சிட்டு எடுப்பதாக இருந்தால், அதில் 100 மி.மீ. என்று குறித்திருக்கும் கோட்டை அளவுகோலால் அளந்து பாருங்கள். பிரிண்டர் பக்கத்துக்குப் பொருந்தட்டும் என்று தானாகவே படத்தைச் சுருக்கிவிடும், அப்படிச் சுருங்கிய தாள் குப்பைக்குத்தான். நடுத்துளையும் டர்ன்டேபிளின் நடுமுளையான ஸ்பிண்டிலில் இறுக்கமாக உட்கார வேண்டும். அரை மில்லிமீட்டர் ஆடுகிற ப்ரொட்ராக்டரை வைத்துக்கொண்டு அரை மில்லிமீட்டர் துல்லியம் தேடுவது வீண் வேலை.

முதலில் டர்ன்டேபிளை மட்டமாக வையுங்கள். ரசமட்டத்தைச் சுழலும் தட்டின்மேல் வைத்துப் பாருங்கள். அடிப்பெட்டியின்மேல் வைத்துப் பார்த்தால் போதாது.

பொருத்துவது

ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிடுங்கள். எம்எம் (உள்ளே காந்தம் அசையும் வகை) கார்ட்ரிட்ஜாக இருந்தால் ஊசிப் பகுதியை மெதுவாக உருவித் தனியாக ஒரு டப்பாவில் வையுங்கள். எம்சியில் ஊசி உருவ முடியாது, மூடியைக் கழற்றாமல் வேலை செய்யுங்கள். ஹெட்ஷெல் கழற்றக்கூடியதாக இருந்தால் கழற்றி மேசைக்குக் கொண்டுவந்துவிடுவது நிம்மதி.

வயர் நிறங்கள் உலகம் முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான்: வெள்ளை இடது பிளஸ், நீலம் இடது மைனஸ், சிவப்பு வலது பிளஸ், பச்சை வலது மைனஸ். கார்ட்ரிட்ஜின் பின்புறத்திலும் இதே நிறங்களில் புள்ளி வைத்திருப்பார்கள். மாட்டும் முறையில்தான் கவனம் வேண்டும். வயர் முனையிலுள்ள கிளிப்பின் கழுத்தைச் சாமணத்தால் பிடியுங்கள். வயரைப் பிடித்துத் தள்ளினால், தலைமுடி கனமுள்ள அந்தக் கம்பி பற்றவைத்த இடத்திலேயே அறுந்துவிடும். கார்ட்ரிட்ஜின் பின்புறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் உலோகப் பின்னை நேராகப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துங்கள். கிளிப் ஏறவே மறுத்தால் பலவந்தம் வேண்டாம், பல்குச்சியின் நுனியை அதற்குள் விட்டு லேசாகத் திருகினால் வாய் விரியும். வழுவழுவென்று தானாகக் கழன்று விழுந்தால், அதே பல்குச்சியை உள்ளே விட்டுவைத்தே சாமணத்தால் மேலாக ஒரு அழுத்து அழுத்துங்கள். குச்சி உள்ளே இருப்பதால் கிளிப் நசுங்கிப் போகாது, தேவையான அளவு மட்டும் இறுகும். பின்னில் நேரடியாகச் சால்டர் வைக்கிற யோசனை யாருக்காவது வந்தால் தடுத்து நிறுத்துங்கள். அந்தச் சூடு உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் வரை போகும்.

திருகுத் துளைகள் இரண்டுக்கும் இடையே 12.7 மி.மீ., அதாவது அரை அங்குலம். திருகு 2.5 மி.மீ. தடிமன். ஆடியோ-டெக்னிகா விஎம்95, ஆர்ட்டஃபான் 2எம் போன்றவற்றில் மரை உடம்பிலேயே இருக்கும், நட்டு தேவையில்லை. அவற்றில் அளவுக்கு மீறிய நீளத் திருகைப் போடக் கூடாது. இப்போதைக்குக் கார்ட்ரிட்ஜ் விரலால் நகர்த்தினால் நகர வேண்டும், விட்டால் நிற்க வேண்டும். அந்த அளவுக்கு மட்டும் இறுக்குங்கள்.

எடை, முதல் சுற்று

ஊசியைத் திரும்பப் போட்டு, மூடியைக் கழற்றி, ஆன்டி-ஸ்கேட்டிங்கைச் சைபரில் வையுங்கள். பின்னால் உள்ள எதிரெடையைத் திருகி, ஆர்ம் மேலேயும் போகாமல் கீழேயும் விழாமல் மிதக்கும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். எடை முழுதாகத் திரும்பாமல் முன்னால் உள்ள எண் வளையம் மட்டும் திரும்பும்படி பிடித்து, அதைச் சைபருக்கு வையுங்கள். அப்புறம் இரண்டையும் சேர்த்துத் திருப்பி, தயாரிப்பாளர் சொன்ன எடைக்குக் கொண்டுவாருங்கள். 2எம் ரெட்டுக்கு 1.8 கிராம், விஎம்95ஈ-க்கு 2 கிராம், டிஎல்-103-க்கு 2.5 கிராம். இது தோராயம்தான். ப்ரொட்ராக்டரில் ஊசி இறங்கும்போது கான்டிலீவர் தன் உண்மையான நிலையில் இருக்க வேண்டும், அதற்காகத்தான் இதை முதலில் செய்கிறோம்.

கோணம்: நேரம் செலவழிக்க வேண்டிய இடம்

தட்டை வெட்டும்போது, வெட்டும் ஊசி நேர்கோட்டில் வெளியிலிருந்து உள்ளே போனது. நம் ஆர்ம் ஒரு முனையில் நின்றுகொண்டு வில்லாக வளைந்து போகிறது. ஆகவே ஊசி பள்ளத்துக்குத் தொடுகோடாக நிற்பது இரண்டே இரண்டு இடங்களில்தான். மற்ற இடங்களிலெல்லாம் ஒரு பாகை, இரண்டு பாகை தப்பும். அந்த இரண்டு இடங்களை எங்கே வைப்பது என்பதுதான் இந்தக் கலை முழுவதும். கணக்கை லோஃப்கிரென் 1938-லும், பேர்வால்ட் 1941-லும், ஸ்டீவன்சன் 1966-லும் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

பேர்வால்ட் கணக்கில் அந்தப் புள்ளிகள் நடுவிலிருந்து 66 மி.மீ., 120.9 மி.மீ. ஸ்டீவன்சனில் 60.3, 117.4. லோஃப்கிரெனின் இரண்டாம் கணக்கில் 70.3, 116.6. ஸ்டீவன்சன் உள் ஓரத்திலேயே ஒரு புள்ளியை வைத்துவிடுவதால் கடைசி நிமிடங்கள் சுத்தமாக இருக்கும், நடுவில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். பக்கத்தின் கடைசியில் பெரிய வாத்தியக் கூட்டம் உச்சத்துக்குப் போகும் தட்டுகளை அதிகம் கேட்பவர்களுக்கு அது பொருந்தும். என் தேர்வு பேர்வால்ட், பக்கம் முழுவதும் சமமாகப் போகும். எதை எடுத்தாலும் துல்லியமாக எடுங்கள். இவற்றில் எது உசத்தி என்று இரவெல்லாம் வாதாடுகிறவர்களின் கார்ட்ரிட்ஜ் ஒரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அந்த ஒரு மில்லிமீட்டர் எவ்வளவு செய்யும் என்றால், ஒன்பது அங்குல ஆர்மில் ஓவர்ஹாங் (ஊசி ஸ்பிண்டிலைத் தாண்டி நீளும் தூரம்) 1 மி.மீ. தப்பினால் உள் ஓரத்தில் ஏறக்குறைய 1 பாகை கோணல் கூடும். வெளி ஓரத்தில் அதில் பாதிகூட இல்லை. அதனால்தான் தப்பான பொருத்தலோடு முதல் பாட்டு இனிக்கிறது, கடைசிப் பாட்டு புளிக்கிறது.

செய்முறைக்கு வருவோம். சுழலும் தட்டு அசையாமலிருக்க, அதற்கும் பெட்டிக்கும் நடுவில் மடித்த தாளைச் செருகுங்கள். ப்ரொட்ராக்டரை வைத்து, உள்புள்ளிக்கு ஊசியை இறக்குங்கள். புள்ளியின் நடுவில் இறங்க வேண்டும், பக்கத்தில் இறங்கினால் போதாது. டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்வாக வையுங்கள், ஊசியின் நிழல் அதன் முனையை எளிதாகக் காட்டிக்கொடுக்கும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, லென்ஸோடு நேர் முன்னாலிருந்து பாருங்கள். எதைப் பார்க்கிறீர்கள் என்பது முக்கியம். பார்க்க வேண்டியது கார்ட்ரிட்ஜின் உடம்பை அல்ல. அடியில் முடிபோல நீளும் கான்டிலீவரை. உடம்பு நேராகவும் கான்டிலீவர் லேசாகக் கோணலாகவும் ஒட்டப்பட்ட கார்ட்ரிட்ஜ்கள் நிறைய உண்டு, விலை கூடியவற்றிலும். பள்ளத்தைப் படிப்பது கான்டிலீவர். பெட்டி சற்றுத் திரும்பித் தெரிந்தால் தெரியட்டும். கான்டிலீவர் ப்ரொட்ராக்டரின் இணைகோடுகளோடு ஒன்றாக ஓடும்வரை கார்ட்ரிட்ஜை நகத்தால் தொட்டுத் திருப்புங்கள். விரலால் தள்ளினால் கூடுதலாகப் போகும்.

உள்புள்ளியில் நேரானதும் வெளிப்புள்ளிக்குப் போங்கள். அங்கும் நேராக இருந்தால் வேலை முடிந்தது. பெரும்பாலும் இருக்காது. கான்டிலீவரின் முன்பக்கம் ஸ்பிண்டிலை விட்டு வெளியே திரும்பித் தெரிந்தால், கார்ட்ரிட்ஜ் பின்னால் இருக்கிறது, முன்னே தள்ளுங்கள். ஸ்பிண்டில் பக்கமாக உள்ளே திரும்பித் தெரிந்தால், முன்னே போய்விட்டது, பின்னே இழுங்கள். தள்ளியது கால் மில்லிமீட்டராக இருந்தாலும் உள்புள்ளிக்குத் திரும்பி அங்கே மறுபடி நேராக்க வேண்டும். இப்படிப் போய்ப்போய் வந்தால் இரண்டும் ஒருசேரப் படியும். முதல் தடவை பொறுமையைச் சோதிக்கும்தான்.

டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 போன்ற ஆர்மில் ஒரு குறிப்பு. தொழிற்சாலைக் கணக்கில் ஓவர்ஹாங் 15 மி.மீ., கோணம் 22 பாகை. ஊசி முனையிலிருந்து ஹெட்ஷெல்லின் வளையம் வரை 52 மி.மீ. வர வேண்டும், அதற்குத் தனி அளவுகோலும் உண்டு. இது ஸ்டீவன்சனுக்கு அருகில் வரும் கணக்கு. அதே ஆர்மில் பேர்வால்ட் வேண்டுமென்றால் கார்ட்ரிட்ஜை 3 மி.மீ. போல முன்னே தள்ளி, ஹெட்ஷெல்லுக்குள்ளேயே உள்பக்கமாக 2 பாகை திருப்ப வேண்டும். பார்க்கக் கோணலாக இருக்கும், அது சரிதான். சில ஹெட்ஷெல்களில் துளை அவ்வளவு நீளம் விடாது, அப்போது 52-லேயே விட்டுவிடுங்கள்.

திருகை இறுக்கும்போதுதான் எல்லாம் நகரும். ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு மற்றதற்குப் போகாதீர்கள். இங்கே கால் சுற்று, அங்கே கால் சுற்று. முடிந்ததும் இரண்டு புள்ளியையும் மறுபடி பாருங்கள்.

எடை, கடைசிச் சுற்று

எடைமானியைத் தட்டின் மேல்பரப்பு எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில் வைத்து அளங்கள். வளையத்தில் உள்ள எண்களை நம்பாதீர்கள். பல ஆர்ம்களில் அது கால் கிராம் வரை பொய் சொல்லும்.

எத்தனை கிராம் வைப்பது? தயாரிப்பாளர் ஒரு எல்லை கொடுத்திருப்பார்: விஎம்95ஈ-க்கு 1.8 முதல் 2.2, 2எம் ரெட்டுக்கு 1.6 முதல் 2. எடை குறைந்தால் தட்டு தேயாது என்று நினைத்து எல்லோரும் கீழ் எண்ணுக்குப் போகிறார்கள். இந்த நம்பிக்கை பாழாக்கிய தட்டுகள் ஏராளம். எடை போதாத ஊசி, சத்தம் பெரிதாக வரும் இடத்தில் பள்ளத்தின் சுவரை விட்டு எழும்பும். எழும்பினால் திரும்ப வந்து இடிக்க வேண்டுமே. அந்த இடியில்தான் சுவர் சிதைகிறது, சிதைந்தது திரும்பாது. சுவரோடு ஒட்டிப் போகும் சரியான எடை இவ்வளவு கெடுதல் செய்யாது. நான் எப்போதும் எல்லையின் நடுவுக்குக் கொஞ்சம் மேலே வைப்பேன். குளிர்ந்த அறையில் கான்டிலீவரின் ரப்பர் விறைக்கும், அப்போது இன்னும் ஒரு பொட்டு கூட்டினாலும் தப்பில்லை. மேல் எல்லையைத் தாண்டாதீர்கள், கான்டிலீவர் உட்கார்ந்து கார்ட்ரிட்ஜின் வயிறு தட்டைத் தொடும்.

உயரமும் சாய்வும்

ஊசி தட்டில் இருக்கும்போது ஆர்ம் தட்டுக்கு இணையாக இருக்கட்டும். அங்கிருந்து தொடங்கினால் போதும். வளைந்த ஆர்மில் கண்ணுக்குத் தெரியாவிட்டால், ஹெட்ஷெல்லின் மேல்பரப்பைப் பாருங்கள். ஆர்மின் அடித்தண்டை 4 மி.மீ. ஏற்றினால்தான் ஊசியின் கோணம் 1 பாகை மாறும். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் நிறைய மன உளைச்சல் மிச்சம். கனமான தட்டுக்கும் மெல்லிய தட்டுக்கும் உள்ள தடிமன் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டுவது அரிது, அது கால் பாகைக்கும் குறைவு. தட்டுக்குத் தட்டு ஆர்மின் உயரத்தை மாற்றிக்கொண்டிருப்பவர்கள் பாட்டுக் கேட்பதில்லை, திருகுதான் திருகுகிறார்கள்.

உருண்டை முனைக்கும் சாதாரண நீள்வட்ட முனைக்கும் இது அவ்வளவு முக்கியம் இல்லை. ஷிபாட்டா, மைக்ரோலைன் மாதிரி கூர்மையான முனைகளுக்கு முக்கியம். அவற்றில் முனையின் விளிம்பு செங்குத்திலிருந்து 2 பாகை முன்சாய்வாக, 92 பாகையில் நிற்பதைப் பலரும் இலக்காக வைக்கிறார்கள். உயரத்தை மாற்ற வழியில்லாத ஆர்ம் என்றால், கார்ட்ரிட்ஜுக்கும் ஹெட்ஷெல்லுக்கும் நடுவில் மெல்லிய தகடு வைக்கலாம், அல்லது தட்டுக்கு அடியில் விரிக்கும் மேட்டை (விரிப்பை) மாற்றலாம். மாற்றினால் எடையைத் திரும்ப அளங்கள்.

சாய்வுக்கு ஒரு மெல்லிய கண்ணாடி போதும். தட்டின் இடத்தில் கண்ணாடியை வைத்து, ஊசியை அதன்மேல் மெல்ல இறக்கி, முன்னாலிருந்து பாருங்கள். ஊசியும் அதன் பிம்பமும் சேர்ந்து ஒரே நேர்கோடாகத் தெரிய வேண்டும். நடுவில் உடைந்ததுபோல வளைந்து தெரிந்தால் கார்ட்ரிட்ஜ் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. ஹெட்ஷெல்லைக் கொஞ்சம் சுழற்ற முடிந்தால் சுழற்றுங்கள், இல்லாவிட்டால் ஒரு பக்கத் திருகுக்கு அடியில் தாள் கனத் தகடு வைக்கலாம். கண்ணால் பார்த்து நேராக இருக்கிறது என்றால் அதோடு விட்டுவிடுங்கள்.

ஆன்டி-ஸ்கேட்டிங்

ஊசி பள்ளத்தில் உராயும்போது உராய்வு இழுக்கும் திசை ஆர்மின் அச்சு வழியாகப் போவதில்லை. அதனால் ஆர்ம் எப்போதும் உள்பக்கம், ஸ்பிண்டிலை நோக்கிப் போகப் பார்க்கும். உள்சுவரில் இருப்பது இடது சேனல், வெளிச்சுவரில் வலது. எதிர்விசை போதாவிட்டால் ஊசி உள்சுவரில் சாய்ந்துகொண்டு வெளிச்சுவரை விட்டுவிடும். வலது ஸ்பீக்கரில் முதலில் சிதறல் கேட்கும். இடதில் கேட்டால் எதிர்விசை கூடிவிட்டது.

குமிழை ஊசி எடையின் எண்ணுக்கே வைக்கச் சொல்வார்கள். நான் அதற்குக் கொஞ்சம் கீழே தொடங்குவேன். பள்ளமே இல்லாத வழுவழுத் தட்டின்மேல் ஊசியை வைத்து ஆர்ம் நகராத நிலைக்குத் திருப்பச் சொல்லும் முறை ஒன்று உண்டு, எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பள்ளத்துக்குள் ஊசி அனுபவிக்கும் உராய்வு வேறு, வழுவழுப்பரப்பில் வேறு. பதிலாக, சத்தம் மிகுந்த ஒரு பகுதியை ஹெட்போனில் கேட்டுக்கொண்டு, இரண்டு காதிலும் சிதறல் ஒன்றாகவோ இல்லாமலோ இருக்கும் நிலையைத் தேடுங்கள். கண்ணாலும் ஒரு சோதனை செய்யலாம். ஓடும் தட்டில் ஊசியை இறக்கியதும் முன்னாலிருந்து கான்டிலீவரைப் பாருங்கள். அது உடம்புக்கு நடுவிலிருந்து வெளிப்பக்கம் விலகினால் எதிர்விசை போதாது, உள்பக்கம் விலகினால் அதிகம்.

மின்பக்கம்

எம்எம் கார்ட்ரிட்ஜுக்கு வேண்டிய 47 கிலோ ஓம் மின்தடை எல்லா போனோ ப்ரீஆம்பிலும் (கார்ட்ரிட்ஜின் சின்னச் சிக்னலைப் பெருக்கும் கருவி) இருக்கும். கவனிக்காமல் விடுவது கெபாசிட்டன்ஸ், அதாவது மின்தேக்குத்திறன். விஎம்95-க்கு 100 முதல் 200 பிக்கோஃபாரட், 2எம் ரெட்டுக்கு 150 முதல் 300. இதில் ஆர்ம் வயர், கேபிள், ப்ரீஆம்ப் மூன்றின் அளவும் சேர்த்தி. நீளமான கேபிள் ஒன்றே 100, 150 சாப்பிட்டுவிடும். எல்லை மீறினால் உச்ச ஒலிகளுக்குச் சற்றுக் கீழே சத்தம் புடைத்து ஏறி, அதற்கு மேலே சட்டென்று இறங்கிவிடும். காதுக்குக் கூர்மையாகவும் அதே சமயம் மூடினாற்போலவும் கேட்கும். இந்தக் குறையையும் பொருத்தல் கோளாறு என்று நினைத்துத் திருப்புளியை எடுப்பார்கள். வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு வழி: முதல் பாட்டிலேயே இருக்கிறதா? ஆம் என்றால் கேபிளைப் பாருங்கள், கடைசிப் பாட்டில் மட்டும் என்றால் கோணத்தைப் பாருங்கள்.

எம்எம் சுமார் 4, 5 மில்லிவோல்ட் தரும். டிஎல்-103 மாதிரி எம்சி 0.3 மில்லிவோல்ட்தான். ப்ரீஆம்பின் சுவிட்ச் எம்சியில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ரீங்காரம் கேட்டால் முதலில் தரை வயர், அப்புறம் ஹெட்ஷெல்லின் கிளிப்புகள்.

காதுக்கு வருவோம்

முதலில் மோனோவில் பதிந்த ஒரு குரல். நட்டநடுவில், குறுகி நிற்க வேண்டும். அகலமாகப் பரவி, இடம் தெரியாமல் மிதந்தால் ஒரு பக்கம் பிளஸும் மைனஸும் மாறியிருக்கிறது. அப்புறம் பக்கத்தின் கடைசிப் பாட்டு; முடிந்தவரை நல்ல நிலையிலுள்ள, உங்களுக்கு மனப்பாடமான தட்டு. ‘ஸ’ எழுத்துகளைக் கேளுங்கள். நீண்டு நிற்கும் ஒரு பியானோ ஓசையைக் கேளுங்கள். அது நடுங்கினால் கோளாறு கார்ட்ரிட்ஜில் இல்லை, மோட்டாரிலோ தட்டின் நடுத்துளையிலோ. சிதறல் எல்லாத் தட்டிலும் வந்தால் எடையை 0.1 கிராம் கூட்டிப் பாருங்கள், அதற்கும் அடங்காவிட்டால் ப்ரொட்ராக்டருக்குத் திரும்புங்கள். ஒரே ஒரு தட்டில் மட்டும் வந்தால் அந்தத் தட்டு ஏற்கெனவே அடிபட்டது, அதை வைத்துக்கொண்டு எதையும் திருப்பாதீர்கள்.

புது ஊசியின் ரப்பர் 20, 30 மணி நேரம் ஓடிய பிறகுதான் இளகும். அதற்குள் தீர்ப்பு எழுத வேண்டாம். இளகியதும் எடையையும் உயரத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஊசியைத் துடைக்கப் பின்னாலிருந்து முன்னால் மட்டும், அதாவது தட்டு ஓடும் திசையில். பக்கவாட்டில் துடைத்தால் கான்டிலீவர் போய்விடும். விரலால் தொடவே கூடாது. நல்ல பராமரிப்பில் ஒரு ஊசி 500 முதல் 1,000 மணி நேரம் ஓடும், கூர்மையான முனைகள் இன்னும் கொஞ்சம் தாங்கும். எம்எம்மில் ஊசியை மட்டும் மாற்றும்போது, உடம்பு அதே இடத்தில் இருந்தாலும் புதுக் கான்டிலீவர் பழையதைப் போலவே நேராக ஒட்டப்பட்டிருக்கும் என்று சொல்ல முடியாது. எடைமானியையும் ப்ரொட்ராக்டரையும் எடுத்து இரண்டு புள்ளியிலும் வைத்துப் பார்த்துவிட்டு முதல் தட்டைப் போடுங்கள்.